திங்கட்கிழமை மூச்சு

"பழகிவிட்டால் சரியாகிவிடும்" என்று ஒரு நாளைக்கு நாம் எத்தனை முறை சொல்கிறோம்! புதிதாக வந்த மருமகளிடம் சொல்கிறோம். விடுதியில் கொண்டுபோய்ச் சேர்த்த பையனிடம் சொல்கிறோம். மாற்றலாகிப் போன ஊரில் தண்ணீர் ஒத்துக்கொள்ளாதபோது நமக்கு நாமே சொல்லிக்கொள்கிறோம். பெரும்பாலும் அது பலித்தும் விடுகிறது. அதனால் அந்த வார்த்தையின்மேல் ஒருவருக்கும் சந்தேகம் எழுவதில்லை. எனக்குச் சந்தேகம் எழுந்தது ஒரு நோயினால். நூற்பாலைகளில் பஞ்சுத் தூசியைச் சுவாசித்து உழைப்பவர்களுக்கு வரும் மார்பு நோய் அது. மருத்துவர்கள் 'பிஸினோஸிஸ்' என்பார்கள்.

அந்தப் பெயரை 1877-இல் வழங்கியவர் பாரிஸ் நகரத்து டாக்டர் ஆட்ரியன் புரூஸ்ட். நாவல் படிக்கிற வழக்கமுள்ளவர்களுக்குப் பெயரின் பின்பாதி தெரிந்ததாகப் படும். ஆமாம், மார்ஸெல் புரூஸ்ட் என்ற நாவலாசிரியரின் தகப்பனார்தான் அவர். மகனோ சிறு பிராயத்திலிருந்தே ஆஸ்துமாவில் அவதிப்பட்டவர். ஊராருடைய மூச்சுத் திணறலுக்குப் பெயர் சூட்டிய தகப்பனாருக்கு வீட்டிலேயே ஒரு மூச்சுத் திணறல். இதை ஒரு கதையில் நான் எழுதியிருந்தால், செயற்கையாக இருக்கிறது என்று பத்திரிகாசிரியர் திருப்பி அனுப்பியிருப்பார்.

நோய் வரும் விதத்தைச் சற்றுச் சொல்ல வேண்டும். ஆலைக்கு வரும் பஞ்சு வெறும் பஞ்சாக வருவதில்லை. செடியின் இலைத் துணுக்கும், காயின் ஓட்டுத் தூளும், அவற்றில் ஒட்டிய நுண்கிருமிகளும் சேர்ந்தே பேலுக்குள் அழுந்தி வருகின்றன. பேலைப் பிரித்து அடித்து உதிர்க்கும் புளோ ரூமிலும், பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் பகுதியிலும் இவையெல்லாம் காற்றில் எழும்பி நிற்கும். அந்தக் கிருமிகளின் நஞ்சுக்கு இந்த நோயில் பெரும் பங்கு உண்டு என்று கருதுகிறார்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. சில வருஷங்கள் கழித்து, வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாள், ஷிப்ட் தொடங்கிச் சில மணி நேரத்தில் நெஞ்சு இறுகும். மறுநாள் அந்த இறுக்கம் தளரும். அதற்கடுத்த நாள் இருந்த இடம் தெரியாது. இங்கிலாந்தில் ஞாயிறு விடுமுறையாதலால் அங்கே இது திங்கட்கிழமைச் சங்கடம். நம் ஊர்களில் ஆலைக்கு ஆலை விடுமுறை நாள் வேறுபடுவதால், ஒருவருக்குத் திங்கள், இன்னொருவருக்கு வியாழன். 1950-களில் லங்காஷயர் ஆலைகளை ஆராய்ந்த ரிச்சர்ட் ஷில்லிங் என்ற டாக்டர் இந்தக் கிழமையையே அளவுகோலாக்கினார். முதல் நாள் மட்டும் இறுகினால் ஒரு படி. மற்ற நாட்களுக்கும் பரவினால் அடுத்த படி. ஓய்வெடுத்தாலும் தீராத இளைப்பாக நிலைத்துவிட்டால் கடைசிப் படி. பஞ்சாங்கத்தை வைத்து அளக்கப்பட்ட நோய் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

இதில்தான் என் மனம் தட்டி நிற்கிறது. முதல் நாள் உடம்பு தன் ஆட்சேபத்தைச் சொல்லிவிடுகிறது. யாரும் காதில் வாங்கவில்லை. மூன்றாம் நாள் அது வாயை மூடிக்கொள்கிறது. மௌனம் சம்மதம் என்று நாம் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். உள்ளே கெடுதல் மட்டும் ஓய்வதில்லை. வருஷக் கணக்கில் மூச்சின் கொள்ளளவு குறைந்துகொண்டே போகிறது. விறகடுப்பின் முன்னால் வாழ்நாளைக் கழித்த நம் பாட்டிமார்களைப் பற்றியும் 'அவளுக்குப் புகை பழக்கம்' என்றுதானே சொன்னோம்?

கோயமுத்தூர்ப் பக்கத்தில் கார்டிங் பகுதியில் இருபத்தைந்து வருஷம் உழைத்த ஒருவரை எனக்குத் தெரியும். மாடிப்படி ஏறும்போது நாலாவது படியில் நிற்பார், தெருவை வேடிக்கை பார்ப்பதற்காக நிற்கிற மாதிரி. ஆலையில் இருந்த காலத்தைப் பற்றிக் கேட்டேன்.

"அதெல்லாம் பழகிப் போச்சுங்க. லீவு முடிஞ்சு போற அன்னிக்கு மட்டும் நெஞ்சு கொஞ்சம் புடிக்குமுங்க. மக்கா நாளு செரியாப் போயிருமுங்க. ஒரு துண்டு கருப்பட்டி வாயில போட்டுக்கிட்டா பஞ்செல்லாம் எறங்கிருமுங்க."

உணவு போகும் வழி வேறு, மூச்சு போகும் வழி வேறு என்று அவரிடம் விளக்க எனக்கு மனம் வரவில்லை. கருப்பட்டி தொண்டைக்கு இதமாக இருந்திருக்கும். பிறகு அவர் சொன்ன இன்னொரு விஷயம்தான் என்னை உறுத்தியது. ஒரு டாக்டர் பரிசோதித்துவிட்டு, "இது மில் தூசியால் வந்தது, எழுதித் தருகிறேன்" என்றாராம். இவர் கையெடுத்துக் கும்பிட்டு, "சளின்னே எழுதுங்க சாமி" என்று கேட்டுக்கொண்டாராம். டாக்டரும் இரக்கப்பட்டு அப்படியே எழுதிவிட்டார். நோயின் பெயர் வெளியே வந்தால் வெளிவேலைக்கு மாற்றிவிடுவார்கள், சம்பளம் குறையும். பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

அந்த டாக்டரை நான் குறை சொல்லத் துணியமாட்டேன். ஆனால் அப்படிப்பட்ட இரக்கங்கள் சேர்ந்து ஒரு நோயையே ஏட்டிலிருந்து அழித்துவிடுகின்றன. ஏட்டில் இல்லாத நோய்க்கு யார் விசிறி வைப்பார்கள்?

"தெரிந்துதானே வந்தான்? சம்பளம் வாங்கவில்லையா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. எல்லாரும் கல்நெஞ்சர்கள் அல்ல. கூலி கொடுத்தால் கணக்குத் தீர்ந்தது என்று மனமார நம்புகிறவர்கள் அவர்களில் பலர். ஆனால் பதினெட்டு வயதில் ஆலை வாசலில் நின்றவனுக்கு என்ன தெரியும்? தெரியவரும்போது அவனுக்கு வயது நாற்பது. வேறு தொழில் கைவராது. அறியாத வயதில் கொடுத்த சம்மதத்தை, அறிந்த வயதில் திரும்பப் பெற வழியில்லாமல் செய்துவிட்டு, அதற்குச் சம்மதம் என்றே பெயரிடுவது எந்த ஊர் நியாயம்?

ஆலையில் காற்றைக் கவனிக்க ஆளில்லை என்று சொல்லிவிடவும் முடியாது. சுவரில் ஈரப்பதம் காட்டும் கருவி தொங்கும். வேளைக்கு வேளை பார்த்துக் குறித்துக்கொள்வார்கள். காற்று உலர்ந்தால் இழை அறுந்துபோகும். நூலுக்கு எந்தக் காற்று ஒத்துக்கொள்ளும் என்பது அங்கே அத்தனை பேருக்கும் தெரியும்.

சட்டமும் இல்லாமல் இல்லை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், தூசி எழும் இடத்துக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகிலேயே அதை உறிஞ்சி அகற்ற வேண்டும் என்று 14-ஆம் பிரிவில் சொல்லியது. பெரிய ஆலைகளில் இயந்திரத்தோடேயே உறிஞ்சு குழாய்கள் பொருத்தப்பட்டு நிலைமை வெகுவாக மாறியிருக்கிறது. கழிவுப் பஞ்சை மறுபடியும் நூற்கும் சிறிய ஆலைகளுக்குள் போய்ப் பார்த்தால், அந்த மாறுதல் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பது தெரியும். பத்து நிமிஷத்தில் புருவம் வெளுத்துவிடும்.

அமெரிக்காவில் 1978-இல் நூற்பாலைக் காற்றுக்கு ஒரு வரம்பு கட்டினார்கள்: ஒரு கன மீட்டருக்கு 200 மைக்ரோகிராம் பஞ்சுத் தூசிக்கு மேல் கூடாது. செலவையும் பலனையும் தராசில் நிறுத்துப் பார்த்தீர்களா என்று ஆலை முதலாளிகள் வழக்காடினார்கள். அந்தத் தராசு தேவையில்லை, செய்ய முடிந்ததைச் செய்தே ஆக வேண்டும் என்று 1981-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. படித்தபோது எனக்கு எழுந்து நின்று கை தட்டலாம் போலிருந்தது. அடுத்த பக்கத்தைப் புரட்டியதும் உட்கார்ந்துவிட்டேன். மூச்சுக் கவசம் அணிய இயலாத தொழிலாளியைத் தூசி குறைந்த இடத்துக்கு மாற்றும்போது சம்பளத்தைக் குறைக்கக் கூடாது என்ற விதி ஒன்று இருந்தது. அந்த விதியை மட்டும், உடல்நலத்தோடு அதற்குள்ள சம்பந்தம் நிலைநாட்டப்படவில்லை என்று சொல்லி, அதே தீர்ப்பு தள்ளிவிட்டது. கோயமுத்தூர்க்காரர் டாக்டரைக் கும்பிட்டது எதற்காகவோ, அதுவே தள்ளுபடியான விதி.

இத்தாலியில் ரமாஸ்ஸினி என்ற மருத்துவர் 1700-இல் எழுதிய நூலில், நோயாளியிடம் கேட்கும் கேள்விகளோடு 'என்ன தொழில் செய்கிறாய்?' என்பதையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். நம் ஊர் மருத்துவமனைகளில் பீடி உண்டா என்ற கேள்வி முந்திக்கொள்கிறது. கேட்க வேண்டியதுதான், பீடி இந்த நோயை முற்றவைக்கும். அதோடு, விடுமுறைக்கு மறுநாள் எப்படி இருக்கிறது என்றும் கேட்கலாம். அன்றைக்கே ஷிப்டுக்கு முன்பும் பின்பும், மூச்சின் வேகம் அளக்கும் சிறு குழாய் ஒன்றை ஊதச் சொல்லலாம். பெரிய செலவில்லை. ஆனால் குழாயைக் கையில் வாங்கியவர் ஊதுவதற்கு முன்னால் நம்மைப் பார்த்து ஒன்று கேட்பார்: "இதுல கம்மியா வந்தா வேலை போயிருமுங்களா?" போகாது, கூலியும் குறையாது என்று அவருக்கு எழுதிக் கொடுக்க ஒருவர் அந்த அறையில் இருந்தாக வேண்டும்.