ஊதியமும் உரையும்: ஓர் அறவியல் நோக்கு

கூலி கொடுப்பவன் கூலி பெறுபவனிடமிருந்து எதை விலைக்கு வாங்குகின்றான் என்னும் வினா, தொழிலுறவு தோன்றிய நாள்தொட்டே மனிதனைத் தொடர்ந்து வந்துள்ளது. உடலுழைப்பையா, நேரத்தையா, திறனையா, அன்றி இவற்றோடு நாவையும் சேர்த்தா என்பதே அவ்வினாவின் உட்கிடை. முகநூலும் வாட்ஸ்அப்பும் ஊழியர் ஒவ்வொருவரின் கையிலும் ஒரு பத்திரிகையை வைத்துவிட்ட இக்காலத்தில் அப்பழைய வினா புதிய கூர்மை பெற்றுள்ளது. சமூக ஊடகங்களில் ஊழியர் எவ்வாறு ஒழுக வேண்டும் என அரசும் நிறுவனங்களும் விதிகள் வகுத்து வருகின்றன. அவ்விதிகளின் அறவியல் அடிப்படை யாது என்பது சிந்தனைக்குரியது.

2022ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் இலங்கைப் பொது நிர்வாக அமைச்சு ஒரு சுற்றறிக்கையை வெளியிட்டது. அரச உத்தியோகத்தர் ஊடகங்களுக்குத் தகவல் வழங்குவதைக் கட்டுப்படுத்தும் தாபன விதிக்கோவையின் ஏற்பாடுகள் சமூக ஊடகங்களுக்கும் பொருந்தும் என்றும், அவற்றை மீறிக் கருத்து வெளியிடுவது ஒழுக்காற்று நடவடிக்கைக்குரிய குற்றம் என்றும் அது அறிவுறுத்தியது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை குடிமகன் ஒவ்வொருவருக்கும் பேச்சுச் சுதந்திரத்தை உறுதிசெய்கின்றது. எனவே அரச உத்தியோகத்தர் தம் உரிமை மீறப்பட்டதாகக் கருதின் உயர் நீதிமன்றத்தை நாடலாம். ஆயின் தனியார் கம்பனியின் கீழுள்ள தோட்டத் தொழிலாளிக்கு அவ்வாயில் திறந்திருக்கவில்லை. அடிப்படை உரிமை வழக்கு அரசின் நிறைவேற்று, நிர்வாகச் செயல்களுக்கு எதிராகவே தொடுக்கப்படக்கூடியது. ஆகவே சட்டம் மௌனம் சாதிக்கும் இடத்தில் அறம் பேசவேண்டியதாகின்றது.

பதுளை, பசறை, ஹாலிஎல, ஹப்புத்தளை முதலிய ஊவாப் பகுதித் தோட்டங்களில் இவ்வினா நகரத்தில் எழுவது போன்று எழுவதில்லை. நகரத்து எழுதுவினைஞர் மாலையில் அலுவலகத்தை விட்டு நீங்கித் தம் வீட்டிற்குச் செல்கின்றார். அங்கு அவர் பேசுவது அவருடைய பேச்சு. தோட்டத் தொழிலாளியோ பிரட்டுக்களத்திலிருந்து மலைக்கும், மலையிலிருந்து லயத்திற்கும் செல்கின்றான். மலையும் லயமும் ஒரே நிர்வாகத்தின் பொறுப்பில் உள்ளவை. பிள்ளைமடுவமும் மருந்தகமும் அவ்வெல்லைக்குள்ளேயே அடங்கியவை. வேலை நேரம், ஓய்வு நேரம் என்னும் பகுப்பு அங்கு கடிகாரத்தில் உண்டு, நிலத்தில் இல்லை. ஆதலால் 'பணிக்கு வெளியே பேசுக' என்னும் அறிவுரை அத்தொழிலாளியைப் பொறுத்தவரை ஏறத்தாழப் பொருளற்றது. தோட்டத்தின் எல்லைக்கு அப்பால் அவனது குரலைக் கொண்டுசெல்லும் முதற் சாதனமாகக் கைத்தொலைபேசி அமைந்தமை இதனாலேயே பெருநிகழ்வாகின்றது.

இதற்கு ஒரு வரலாறும் உண்டு. 1920களில் கோ. நடேசய்யர் புடைவை வியாபாரியாக வேடமிட்டுத் தோட்டங்களுக்குள் நுழைந்தமையும், 'தேசநேசன்', 'தேசபக்தன்' ஆகிய பத்திரிகைகளை நடத்தியமையும், உள்ளே நடப்பது வெளியே தெரியாதவாறு சுவர் எழுப்பப்பட்டிருந்தமையின் விளைவுகளே. மடுல்கலைப் பகுதித் தோட்டமொன்றில் துரைத்தனம் பயில வந்த அவுஸ்திரேலிய இளைஞர் பிரேஸ்கேர்டில், தொழிலாளர் சார்பாகப் பேசியமைக்காக 1937ஆம் ஆண்டு ஏப்ரலில் நாடு கடத்தும் ஆணைக்கு உள்ளானார். மே மாதத்தில் உயர் நீதிமன்றம் அவ்வாணை சட்டத்திற்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. பணியாளரின் பேச்சு நாடு முழுவதையும் உலுக்கிய முதல் வழக்குகளுள் அதுவும் ஒன்று. 1940இல் பதுளையை அடுத்த வேவெஸ்ஸ தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர் தமக்கெனச் சபையொன்றைத் தெரிவுசெய்தனர். துரையோடு சமமாக அமர்ந்து பேசும் உரிமையே அன்று அவர்கள் நாடியது.

இவ்வரலாற்றின் அண்மைய அத்தியாயம் 2018ஆம் ஆண்டு ஒக்டோபர் 24ஆம் நாள் எழுதப்பட்டது. ஆயிரம் ரூபா அடிப்படைச் சம்பளம் கோரி மலையக இளைஞர் ஆயிரக்கணக்கில் கறுப்புடை அணிந்து கொழும்புக் காலிமுகத்திடலில் திரண்டனர். அத்திரட்சிக்குச் சமூக ஊடகங்களே அழைப்போலையாயின. கடைகளிலும் தொழிற்சாலைகளிலும் பணிபுரிந்த இளைஞர் பலர், தம் பெற்றோரின் கூலிக்காகக் குரல் கொடுத்தனர். அவ்வழைப்பு எழாதிருந்திருப்பின் நாடு அக்கோரிக்கையை அவ்வளவு கூர்ந்து செவிமடுத்திருக்குமா என்பது ஐயமே.

எனினும் மறுபக்க வாதத்தை எளிதில் ஒதுக்கிவிடுதல் நேர்மையாகாது. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டும் என்பது தமிழர் மரபு. செஞ்சோற்றுக்கடன் என்பது வெறுஞ்சொல்லன்று. தனக்குச் சோறிடும் நிறுவனத்தைச் சந்தையில் நின்று தூற்றுவது நன்றன்று என்பார் கூற்றில் உண்மை உண்டு. கம்பராமாயணம் இச்சிக்கலை இரு தம்பியரின் வாயிலாகக் காட்டுகின்றது. கும்பகருணன், வீடணன் இருவருமே தமையனின் தவற்றை அவன் முகத்திற்கு நேரே எடுத்துரைத்தவர்கள். ஒருவன் இடித்துரைத்த பின்னரும் உடனிருந்து மடிந்தான். மற்றவன் வெளியேறி இலங்கையின் காவல் நிலைகளை இராமனுக்கு உரைத்தான். இருவருள் எவர் சரி என்னும் பட்டிமண்டபம் இன்றும் ஓயவில்லை. ஆயின் இருவருக்கும் பொதுவான ஒன்று பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. உண்மையை முதலில் அவைக்குள் உரைத்தவர்கள் அவர்கள். அவை செவி சாய்க்காமையே நெருக்கடியைத் தோற்றுவித்தது. எனவே பழி வெளியே பேசியவனை மட்டும் சாராது. உள்ளே கேளாதவனையும் சாரும். திருவள்ளுவரும் இடித்துரைப்பாரை இழந்த அரசன் பகைவர் இன்றியே கெடுவான் என எச்சரித்தார்.

உள்ளே கேட்பதற்கான வாயில்கள் தோட்டங்களில் குறுகியே வந்துள்ளன. சம்பள நிர்ணய சபை ஆயிரம் ரூபா நாட்சம்பளத்தை விதித்த 2021ஆம் ஆண்டில், முதலாளிமாருக்கும் தொழிற்சங்கங்களுக்கும் இடையே நெடுங்காலம் நிலவிய கூட்டு ஒப்பந்தம் செயலிழந்தது. முறையிடும் வாயிலை அடைத்துவிட்டு, முற்றத்தில் நின்று கூவுகின்றான் எனக் குறைகூறுவது முரண்பாடாகும்.

பேசாமையின் விலை யாது என்பதைக் கொஸ்லந்தையின் மீரியபெத்தத் தோட்டம் அறியும். 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அம்மலை அபாயத்துக்குரியது என 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தமை பின்னர் வெளிவந்தது. அறிவு இருந்தது, ஆயின் அது லயத்தின் வாயிலைத் தட்டி எழுப்பும் அளவிற்கு உரத்து ஒலிக்கவில்லை, தட்டியிருப்பினும் குடிபெயர்வதற்கு மாற்றிடம் ஆயத்தமாக இருக்கவில்லை. நிலத்தில் வெடிப்பைக் காணும் கங்காணியோ, அறிக்கையைப் படிக்கும் எழுதுவினைஞரோ அதனை மேலிடத்திற்கு மட்டும் எழுதிவிட்டு வாளாவிருத்தல் கடமை நிறைவாகுமா? உயிர் ஆபத்தில் இருக்கும்போது இரகசியம் காப்பது விசுவாசமன்று; அது பாவத்தில் பங்கு. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்து மலைகளை மீண்டும் சரித்தபோது இவ்வினா புதுப்பிக்கப்பட்டது.

ஆயின் அதே கைத்தொலைபேசி தீங்கும் இழைக்கவல்லது. மண்ணில் புதைந்தவரின் உடலைப் படமெடுத்துப் பரப்புவதும், சரியாத மலை சரிந்தது என வதந்தி கிளப்புவதும் எச்சரிக்கை ஆகமாட்டா. தோட்டம் ஒவ்வொருவரும் ஒவ்வொருவரையும் அறிந்த சிற்றூர். மருந்தகத்தில் ஒரு பெண் எதற்காகச் சிகிச்சை பெற்றாள் என்பதை மருத்துவ உதவியாளர் ஒரு வரியில் குறிப்பிடின், பெயர் சொல்லாவிடினும் மாலைக்குள் லயம் முழுவதும் அவளை அறிந்துகொள்ளும். காரியாலயத்து எழுதுவினைஞர் ஒரு குடும்பத்தின் கடன் விபரத்தை வெளியிடின் அக்குடும்பம் தலைநிமிர இயலாது. இங்கு காக்கப்பட வேண்டியது கம்பனியின் பெருமையன்று, எளியோரின் மானம்.

இவற்றை நோக்கின் ஊழியரின் பேச்சை மூவகையாகப் பகுத்தல் பொருந்தும். முதலாவது, பிறர் தம்மை நம்பி ஒப்படைத்த செய்தி. நோயாளியின் நோயும் தொழிலாளியின் கடனும் இதனுட்படும். இதனை வெளியிட ஊழியருக்கு உரிமையில்லை. இரண்டாவது, பலரின் உயிரையோ நலனையோ தொடும் உண்மை. இதனை வெளியிடுதல் உரிமை மட்டுமன்று, கடமையுமாகும். 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம், வெளியிடத்தக்க தகவலை வெளியிட்ட அரச அலுவலரைத் தண்டனையினின்றும் காப்பது இந்நெறியினைத் தழுவியதே. மூன்றாவது, குடிமகன் என்னும் முறையில் ஒருவன் கொள்ளும் கருத்து. இது அவனுக்கே உரியது. நிறுவனத்தின் பெயரால் பேசாதவரை அதனைத் தடுக்க எவருக்கும் உரிமையில்லை. இன்றைய விதிகளின் பெருங்குறை, இம்மூன்றையும் ஒரே கயிற்றால் கட்டுவதாகும்.

நேரிய விதியொன்று வகுக்கப்படின் அது சில பண்புகளைக் கொண்டிருத்தல் வேண்டும். தொழிலாளி அறியும் தமிழில் எழுதப்பட்டு, பிரட்டுக்களத்தில் வாசித்து விளக்கப்படல் வேண்டும். புரியாத மொழியில் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்ட தாள் விதியாகாது, பொறியாகும். கொழுந்து பறிப்பவளைக் கட்டுப்படுத்தும் விதி துரையையும் கட்டுப்படுத்தல் வேண்டும். தொழிலாளியை இழிவுபடுத்தும் பதிவை இடும் மேலதிகாரியும் அதே விசாரணைக்கு உட்படல் வேண்டும். தண்டிக்கு முன் குற்றஞ்சாட்டப்பட்டவரின் கூற்றுக் கேட்கப்படல் வேண்டும். யாவற்றிற்கும் மேலாக, முறைப்பாட்டிற்குக் குறித்த நாளுக்குள் மறுமொழி அளிக்கும் பொறுப்பை நிர்வாகம் ஏற்றல் வேண்டும். மறுமொழி அளிக்கத் தவறிய நிர்வாகம், பின்னர் வெளியே எழும் குரலை அடக்கும் தகுதியை இழந்துவிடுகின்றது.

ஊதியம் உழைப்பிற்கு ஈடு, உள்ளத்திற்கு ஈடன்று. நாவைக் காத்தல் அறம் என்பது எத்துணை உண்மையோ, அத்துணை உண்மை, பேச வேண்டிய இடத்தில் பேசுதலும் அறம் என்பது. இரண்டையும் பிரித்தறியும் பொறுப்பைச் சுற்றறிக்கைகள் ஏற்க இயலா. ஊழியரின் மனச்சான்றும், அதனை அச்சமின்றி இயங்கவிடும் நிர்வாகத்தின் பெருந்தன்மையுமே அதனை ஏற்கவல்லன. மலையடிவாரத்து லயமொன்றில் மழை இரவில் விழித்திருக்கும் தாய்க்கு வேண்டுவது நிறுவனத்தின் நற்பெயரன்று. மலையை அறிந்தவன் வாய் திறப்பான் என்னும் நம்பிக்கையே.