உச்சி தொடாது திரும்புதல்: வெளிக்களக் கல்வியின் அறம் பற்றிய ஒரு நோக்கு

மலையேறுதல், படகு செலுத்துதல், காட்டிடையே கூடாரமடித்துத் தங்குதல் என்பன நெடுங்காலம் ஓய்வுநேர விருப்பங்களாகவே கருதப்பட்டு வந்தன. இன்றோ பிரித்தானியா, நோர்வே, கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து முதலிய நாடுகளில் இவை பல்கலைக்கழகப் பாடங்களாகியுள்ளன. வெளிக்களப் பொழுதுபோக்கையும் சுற்றாடற் கல்வியையும் இணைத்துப் பயிலும் மாணவன் நிலப்படத்தை வாசிக்கவும், கயிற்றைக் கையாளவும், முதலுதவி அளிக்கவும், குழுவொன்றை வழிநடத்தவும் பழகுகிறான். அதனோடு தாவரம், விலங்கு, நீரோட்டம், மண்ணரிப்பு ஆகியன பற்றிய அறிவையும் பெறுகிறான். 'விளையாட்டுக்கும் ஒரு பட்டமா?' என நகைப்போர் உளர். அந்நகைப்பு நம்மை நெடுநேரம் தடுக்க வேண்டியதில்லை. இசையும் நாடகமும் பல்கலைக்கழகத்தினுள் நுழைந்தபோதும் இவ்வாறு நகைத்தோர் இருந்தனர். ஈண்டு எழுப்ப விரும்பும் வினா வேறு. இயற்கையிடம் மனிதரை அழைத்துச் செல்லப் பயின்ற ஒருவன் யாருக்குக் கடமைப்பட்டவன்? தன்னுடன் வருவோருக்கா, அன்றி அவர்கள் சென்று சேரும் இடத்துக்கா?

இக்கல்வி இருவேறு ஊற்றுக்களிலிருந்து பிறந்தது என்பதை நினைவிற் கொண்டாலன்றி இவ்வினாவின் கூர்மை புலப்படாது. முதலாவது ஊற்று, ஆளுமைப் பயிற்சி என்னும் எண்ணம். நாஜிகளை எதிர்த்துச் சிறை சென்று, 1933இல் பிரித்தானியாவிற் புகலிடம் தேடிய ஜேர்மன் கல்வியாளர் கூர்ட் ஹான், 1941இல் வேல்ஸ் நாட்டின் அபர்டோவி என்னுமிடத்தில் 'அவுட்வேர்ட் பவுண்ட்' பயிற்சிப் பள்ளி தொடங்கப்படுவதற்குக் காரணராயிருந்தார். போர்க்காலத்தில் கப்பல்கள் தாக்குண்டபோது, உடல்வலிமை மிக்க இளைஞரைவிட அனுபவம் மிக்க முதிய மாலுமிகளே பெரிதும் உயிர்தப்புகின்றனர் என்ற கருத்து அம்முயற்சிக்குத் தூண்டுகோலாயிற்று. கடலும் மலையும் இளைஞரின் மனவுறுதியை வளர்க்கும் களங்களாயின.

இரண்டாவது ஊற்று, சுற்றாடல் பற்றிய அச்சத்திலிருந்து எழுந்தது. 1972இல் ஸ்ரொக்ஹோம் நகரிற் கூடிய ஐக்கிய நாடுகள் மாநாடும், 1975இல் வெளிவந்த பெல்கிரேட் சாசனமும், 1977இல் திபிலிசி நகரில் நிகழ்ந்த மாநாடும் சுற்றாடற் கல்விக்கு உருவம் கொடுத்தன. விழிப்புணர்வு, அறிவு, மனப்பாங்கு, திறன், பங்கேற்பு என்பவற்றை அதன் குறிக்கோள்களாகத் திபிலிசி மாநாடு வகுத்தது.

முதலாவது நோக்கில் மலை மனிதனை உருவாக்கும் கருவி. இரண்டாவது நோக்கில் அது மனிதனிடமிருந்து காக்கப்பட வேண்டிய பொருள். இவ்விரண்டும் ஒரே துறையின் பெயர்ப்பலகையின் கீழ் அமர்ந்திருக்கின்றன. இவற்றிடையே முரண்பாடு இல்லை என்பதற்குப் பொதுவாகக் கூறப்படும் நியாயம் ஒன்றுண்டு: இயற்கையை அனுபவிப்பவன் அதனை நேசிப்பான், நேசிப்பவன் அதனைக் காப்பான். கேட்பதற்கு இனிய இந்நியாயத்தின் இரு படிகளுமே ஆராயத்தக்கன.

அனுபவிப்பவன் நேசிப்பது எதனை? மலையையா, மலையில் தான் பெற்ற அனுபவத்தையா? இவை ஒன்றல்ல. தன் அனுபவத்தை நேசிப்பவனுக்கு இந்த மலை இல்லையேல் இன்னொரு மலை போதும். பாதை தேய்ந்து, குப்பை பெருகி, தனிமை குன்றியதும், இதுவரை எவரும் செல்லாத இடத்தை அவன் தேடிச் செல்வான். அவனுடைய நேசமே அடுத்த இடத்தின் தேய்வுக்கு முதற்காரணமாகிவிடுகிறது.

நேசிப்பவன் காப்பான் என்னும் இரண்டாவது படி மேலும் சிக்கலானது. யாருக்காக, யாரிடமிருந்து காப்பது என்ற கேள்வி அதனுள் மறைந்து கிடக்கிறது. நமது நாட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. துரித மகாவலித் திட்டத்தோடு இணைந்து 1983இல் மாதுறு ஓயாத் தேசியப் பூங்கா பிரகடனப்படுத்தப்பட்டது. நீரேந்து பரப்புகளையும் வனசீவராசிகளையும் காக்கும் அந்நோக்கம் பழிக்கத்தக்கதன்று. ஆயினும், தலைமுறை தலைமுறையாக அக்காட்டில் வேட்டையாடியும் தேனெடுத்தும் வாழ்ந்த வேடர் சமூகத்தினர் அதனாற் காட்டிற்கு வெளியே ஹெனானிகல முதலிய குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டனர். முதியவர் திசாஹாமியும் அவரைச் சார்ந்த சிலரும் செல்ல மறுத்துத் தம்பானையிலேயே தங்கினர். வேட்டைக்கோ தேனுக்கோ காட்டினுட் புகுவது சட்டப்படி குற்றமாயிற்று. காடு என்பது பார்த்து மகிழ்வதற்கும் பாதுகாப்பதற்கும் உரியது, அதில் வாழ்வதற்கு உரியதன்று என்ற கருத்து இங்கே சட்டத்தின் உருவைப் பெற்றது. நுழைவுச்சீட்டுடன் வருபவன் இயற்கை அன்பன் எனப்பட, அங்கே பிறந்தவன் அத்துமீறியவன் ஆகிறான். வெளிக்களக் கல்வியைப் பயில்வோர் தாம் எந்த வாயிலால் உள்ளே நுழைகிறோம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டாமா?

எண்ணிப் பார்த்த சிலர் அத்துறையிலேயே இருந்தனர் என்பது நம்பிக்கை தருகிறது. திறந்த வெளியில் வாழ்தலை நோர்வே மக்கள் 'ஃபிரிலுஃப்ட்ஸ்லிவ்' என்பர். அப்பண்பாட்டில் ஊறியவர் ஒஸ்லோப் பல்கலைக்கழகத்தில் மெய்யியற் பேராசிரியராயிருந்த ஆர்னே நேஸ் (1912-2009). 1950இல் 7,708 மீற்றர் உயரமான திரிச் மீர் சிகரத்தை முதன்முதல் அடைந்த குழுவின் தலைவரும் அவரே. 1971இல் அவரும், சிக்மண்ட் குவாலோய், நில்ஸ் ஃபார்லுண்ட் என்னும் இருவரும் நேபாளத்தின் ரொல்வாலிங் பள்ளத்தாக்கிற்குச் சென்றனர். கௌரிசங்கர் என வழங்கும் 7,134 மீற்றர் உயரமான சிகரம் அங்குண்டு. அதன் அடிவாரத்துப் பெடிங் கிராமத்து ஷெர்ப்பா மக்கள் அதனைச் செரிங்மா எனத் தெய்வமாகப் போற்றுவர்; அதன் உச்சியில் மனிதர் காலடி படுவதை அவர்கள் விரும்பவில்லை. நோர்வேயினர் உச்சியை நாடாமலே திரும்பினர். அதுமட்டுமன்று, சிகரத்தில் ஏற எவருக்கும் அனுமதி வழங்கலாகாது என்ற வேண்டுகோள் நேபாள அரசை அடையவும் துணைநின்றனர்.

இச்செயலுக்கு எதிராக இரண்டு ஆட்சேபங்களை எழுப்பலாம். முதலாவது, அது பயன்தரவில்லை என்பது. வேண்டுகோள் நிறைவேறவில்லை, 1979இல் அமெரிக்கரும் நேபாளியரும் இணைந்த குழுவொன்று அவ்வுச்சியை அடைந்தது. ஆனால் ஓர் அறச்செயலை அதன் வெற்றி ஒன்றினாலேயே அளப்போமாயின், தோற்றுப்போன நியாயங்கள் யாவும் அநியாயங்கள் என்றாகிவிடும். பிறர் ஏறிவிட்டனர் என்பது நாம் ஏறியிருக்கலாம் என்பதற்கு நியாயமாகாது.

இரண்டாவது ஆட்சேபம் வலியது. திரிச் மீரை வென்றவர் செரிங்மாவைத் துறப்பது எளிது; வயிறு நிறைந்தவனின் உபவாசம் அது. நகரத்துச் சேரியிற் பிறந்து ஒரு முறையேனும் காட்டைக் கண்டறியாத சிறுவனிடம் 'விலகி நில்' என்று கூறுவது எவ்வகையில் நியாயம்? இவ்வாட்சேபத்தின் உண்மையை மறுத்தல் இயலாது. வெளிக்களத்தை வசதி படைத்தோரின் தனியுடைமையாக்கும் எந்த அறமும் அறமாகாது. எனினும் நாம் வேண்டுவது செல்லாமையன்று. சென்ற இடத்தில் நடந்துகொள்ளும் முறையே. 1957ஆம் ஆண்டின் நோர்வேச் சட்டம் பிறர் நிலமாயினும் பயிரிடப்படாத வெளியில் நடந்து திரியும் உரிமையை எல்லோருக்கும் வழங்குகிறது. அதே சட்டம், நிலத்துக்கும் அதற்குரியோருக்கும் தீங்கு நேராது நடக்கும் கடமையையும் விதிக்கிறது. உரிமையைச் சிறுவனுக்கு வழங்கிக் கடமையை மறைப்பது அவனைக் குறைவாக மதிப்பதாகும்.

இனி, பல்கலைக்கழகம் இதில் எதனைக் கற்பிக்கலாம்? அன்புக்குப் புள்ளி வழங்க முடியாது. வழங்க முற்பட்டால் நடிப்பே வளரும். ஆனால் அன்பு நேர்மையாயிருப்பதற்கு வேண்டிய அறிவைக் கற்பிக்கவும் பரீட்சிக்கவும் முடியும். இந்நிலம் எத்தனை காலடிகளைத் தாங்கும்? இங்கு முன்னர் வாழ்ந்தவர் யார், இன்று அவர்கள் எங்கே? இவ்விடம் பற்றி அவர்கள் அறிந்தவற்றுள் நம் பாடநூலில் இல்லாதவை எவை? நாம் வருவதை அவர்கள் விரும்புகின்றனரா? இவ்வினாக்களுக்கு விடைதேடாத மாணவன், கயிற்றில் எத்துணை வல்லவனாயினும், பாதிக் கல்வியே பெற்றவன்.

இதற்கான வித்து அத்துறையின் உள்ளேயே உண்டு. மேகம் திரண்டாலோ, பனி சரியக்கூடும் என்று தோன்றினாலோ, உச்சி கண்ணெதிரே நின்றாலும் குழுவைத் திருப்பி அழைத்து வருபவனே சிறந்த வழிகாட்டி என்பது மலையேறுவோரின் மூத்த பாடம். அவ்வாறு திரும்பியவனைக் கோழை என எவரும் கூறுவதில்லை; அவனது தீர்ப்பைத் திறமை என்றே போற்றுவர். தன் குழுவின் உயிருக்காகத் திரும்புவது திறமையாயின், மலையடிவாரத்து மக்களின் பொருட்டும், மலையின் பொருட்டும் திரும்புவது ஏன் திறமையாகாது? ஏற்கெனவே மதிக்கப்படும் ஓர் ஆற்றலின் எல்லையைச் சற்றே விரிக்குமாறுதான் இங்கு வேண்டப்படுகிறது.

ஆகவே, வெளிக்களக் கல்வியின் அறம் இயற்கையை நேசி என்னும் கட்டளையில் அடங்கிவிடுவதில்லை. நேசம் உரிமை கோரும். விருந்தினன் உரிமை கோரான். விருந்தினன் வாயிலில் நின்று கேட்பான், உள்ளே அழைத்தால் மகிழ்வோடு செல்வான், அழையாவிடின் திரும்புவான். ஏறக் கற்பிக்கும் துறை திரும்பவும் கற்பிக்குமாயின், பல்கலைக்கழகத்தில் அதற்குள்ள இடத்தை எவரும் ஐயுற வேண்டியதில்லை.