மிச்சப் பொழுது

எங்கள் கிளைக்குப் புதிதாக வந்த மேலாளரிடம் என்னை அறிமுகப்படுத்திய பக்கத்து நாற்காலிக்காரர், "சாருக்கு இலக்கியம் ஹாபி" என்றார். நல்ல மனிதர். அவருக்குத் தபால்தலை ஹாபி. நான் மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. ஏன் மறுக்கவில்லை என்ற உறுத்தலில் தொடங்கியதுதான் இது.

நம் வட்டத்தில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. கலை முழு ஆளைக் கேட்கிறது, சம்பளம் வாங்கிக்கொண்டு மிச்சப் பொழுதில் எழுதுகிறவன் பாதி ஆள்தான் என்று. சொல்கிறவர்கள் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர்கள் என்பது வேறு விஷயம். மௌனி அரிசி ஆலை நடத்தினார். பிச்சமூர்த்தி கோயில் நிர்வாக அதிகாரி. ஞானக்கூத்தன் பொதுப்பணித் துறையில் இருந்தார். என் போன்ற வங்கிக்காரர்கள் ஆறுதலுக்கு எலியட்டைப் பிடித்துக்கொள்கிறோம். 1917 முதல் 1925 வரை லாயிட்ஸ் வங்கியில் இருந்துகொண்டேதான் 1922இல் 'பாழ்நிலம்' வெளியிட்டார் என்கிறோம். அதில் கணிசமான பகுதியை மருத்துவ விடுப்பில் எழுதினார் என்பதைச் சொல்வதில்லை.

ஆகவே பிரச்சனை நேரத்தைப் பற்றியதல்ல. வேறு எதைப் பற்றியது என்பதற்கு, நம் பக்கங்களில் பொருட்படுத்தி எழுதப்படாத ஒருவரை எடுத்துக்கொள்கிறேன்: வா. செ. குழந்தைசாமி.

கிண்டி பொறியியல் கல்லூரியில் பேராசிரியர். நீரியல் அவர் துறை. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வென் டீ சௌவிடம் ஆய்வு செய்து 1964இல் முனைவர் பட்டத்துக்கான ஆய்வேட்டை முடித்தவர். பிறகு மூன்று பல்கலைக்கழகங்களுக்குத் துணைவேந்தர். அதில் முதலாவது மதுரை காமராசர். எங்கள் விருதுநகர்க் கல்லூரிகள் அப்போது அதன் கீழ்தான் இருந்தன. இவ்வளவுக்கும் இடையில் குலோத்துங்கன் என்ற பெயரில் கவிதை, 'மானுட யாத்திரை' என்ற காவியம், குறளைப் பற்றிய கட்டுரைகள், எழுத்துச் சீர்திருத்தம். 'வாழும் வள்ளுவம்' நூலுக்கு 1988இல் சாகித்ய அக்காதெமி பரிசு. 2016இல் மறைந்தார்.

அவருடைய ஆய்வேட்டின் பொருள், ஒரு வடிநிலத்தில் பெய்த மழைக்கும் அதிலிருந்து வழிந்தோடும் நீருக்கும் உள்ள உறவு. விழுந்த மழை விழுந்தபடியே ஆற்றுக்கு வருவதில்லை. நிலம் அதைத் தன்னிடம் தேக்கிவைத்து, தாமதப்படுத்தி, வேறு உருவில் வெளியே விடுகிறது. அந்தத் தேக்கத்துக்கும் ஓட்டத்துக்கும் உள்ள உறவு நேர்க்கோட்டு உறவு என்று வைத்துக்கொள்வது வசதி. ஆனால் ஆறு அதற்குக் கட்டுப்படாது. இவரும் சௌவும் தேக்கத்துக்கு ஒரு பொதுச் சமன்பாடு தேடியது இதனால்தான். வானம் பார்த்த பூமியில் பிறந்த எனக்கு இது கவிதைக் கொள்கையாகவே படுகிறது.

அவர் கவிதையிலோ இந்தத் தேக்கம் இல்லை. கருத்து உள்ளே போகிறது, மரபின் யாப்பில் அதே கருத்து வெளியே வருகிறது. அறிவியல் வளரட்டும், மனிதன் உயரட்டும் - எல்லாம் நல்ல கருத்துக்கள்தான். நடுவில் நிலம் எங்கே? நீரியலில் சமன்பாட்டுக்கு ஒத்துவராத வெள்ளம் ஒன்று வந்தால் அவர் சமன்பாட்டைத்தான் திருத்தியிருப்பார். கவிதையில் அவரை மறுத்துப் பேச எதற்கும் அனுமதி இருக்கவில்லை. ஹாபி என்று நான் சொல்வது இதைத்தான். நம்மைத் தோற்கடிக்க முடியாத காரியம் எதுவோ அது. மணிக்கணக்கு அதற்கு அளவல்ல.

இந்த அளவுகோலை வைத்தபின் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. எழுத்துச் சீர்திருத்தம் அவருக்கு ஹாபியாக இருக்கவில்லை. பெரியார் வழியிலான மாற்றங்களை 1978இல் அரசு ஏற்றது. உகர, ஊகார வரிசைகளையும் மாற்ற வேண்டும் என்று இவர் பல்லாண்டுகள் சொன்னார். தமிழ்ச் சமூகம் ஏற்கவில்லை. எனக்கும் அதில் உடன்பாடில்லை. 'கு'வையும் 'சூ'வையும் இழந்த பக்கத்தை என்னால் கற்பனை செய்ய இயலவில்லை. ஆயினும் அங்கே அவர் எதிர்ப்பைச் சந்தித்தார், தோற்றார், தோற்ற இடத்திலேயே நின்றார். அவருடைய காவியத்தைவிட இந்தத் தோல்வியில்தான் ஒரு படைப்பாளி எனக்குத் தெரிகிறார்.

அளவுகோல் என்னையும் விடாது. இருபது விமர்சனக் கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். எழுதத் தொடங்கும் முன் இருந்த அபிப்பிராயத்தை எழுதி முடித்தபோது மாற்றிக்கொண்டது எத்தனை முறை? இரண்டு. ஒருவேளை மூன்று. பக்கத்து நாற்காலிக்காரர் சொன்னதில் தவறில்லை.

இதை எழுதும் ஊரையும் சொல்லிவிட வேண்டும். பொழுதுபோக்கு என்ற சொல்லுக்குப் போக்குவதற்கு ஒரு பொழுது வேண்டும். சிவகாசி, சாத்தூர்ப் பக்கம் தீப்பெட்டி ஆபீசிலும் பட்டாசு ஆபீசிலும் உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற பெண்ணுக்கு மிச்சம் என்று ஒரு பொழுது கிடையாது. மிஞ்சினால் அதுவும் இன்னும் நான்கு சரம்தான். ஆனால் பொருள் எதிர்த்துப் பேசுகிற வேலை என்றால் அது இங்கேதான் இருக்கிறது. மருந்து கலக்கிறவர் உராய்வில் தவறினால் மருந்து உடனே பதில் சொல்லிவிடும். வானத்தில் சிவப்பும் பச்சையும் பூக்கச் செய்கிற அவரை யாரும் படைப்பாளி என்று சொன்னதில்லை. அவர் தொடுகிற அலுமினியப் பொடியைத் தயாரிக்கும் நிறுவனத்தார் 1984இல் சிவகாசியில் பொறியியல் கல்லூரியே தொடங்கினார்கள். அங்கும் பேராசிரியர்கள் இருக்கிறார்கள், கவிதை எழுதுகிறவர்களும் இருக்கலாம்.

சென்ற மாதம் ஒருவர் நகைக்கடனுக்கு வந்தார். படிவத்தில் கைநாட்டு வைத்தபோது மையோடு வெள்ளிப் பளபளப்பும் சேர்ந்து விழுந்தது. ரேகை சரியாக வரவில்லை. துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொன்னேன். மறுபடியும் அதே.

"மருந்து கலக்கிறீங்களா அண்ணாச்சி?"

"ஆமா சார். முப்பது வருசம்."

பச்சை எப்படி வருகிறது என்று சும்மா கேட்டுவைத்தேன். பேரியம் போட்டால் வரும் என்றார். 2018இல் உச்சநீதிமன்றம் பேரியத்தைத் தடை செய்தது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அது இல்லாமல் என்னென்னவோ சேர்த்துப் பார்த்தாராம்.

"பழைய பச்சை வர மாட்டேங்குது சார்" என்றார், என்னிடம் ஏதோ வாக்குக் கொடுத்துத் தவறியவர் போல. மூன்றாம் முறை கைநாட்டு ஓரளவு விழுந்தது. அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.