காட்டுவது கேமரா, காண்பது யார்?

கேனான் நிறுவனம் 2023 பிப்ரவரியில் அறிவித்த ஈ.ஓ.எஸ். ஆர்50 கேமரா, பேட்டரியும் மெமரி கார்டும் சேர்த்தே 375 கிராம்தான். முதன்முதலாகக் கேமரா வாங்குபவரை நினைத்துச் செய்யப்பட்டது. எதிரே ஓர் ஆள் வந்து நின்றால் போதும், அவருடைய கண்ணைத் தேடிப் பிடித்து அதில் போகஸ் வைத்துவிடும். அவர் நடந்தால் கூடவே தொடரும். நாய், பூனை, பறவை, குதிரை, ஓடும் வாகனம் என்று இவற்றையும் அடையாளம் காணும். எவ்வளவு வெளிச்சம் வேண்டும், ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்ற கணக்கையும் ஆட்டோ முறையில் அதுவே போட்டுக்கொள்ளும். எடுப்பவருக்கு மிச்சம் இருப்பது பட்டனை அழுத்தும் வேலை.

அப்படியானால் அந்தக் காட்சியைக் கண்டது யார்?

புகைப்படம் பற்றிய தத்துவ விவாதம் நெடுங்காலமாக இந்தக் கேள்வியைச் சுற்றியே நடக்கிறது. ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ரோஜர் ஸ்க்ரூட்டன் 1981-இல் ஒரு கடுமையான வாதத்தை வைத்தார். ஓவியத்தின் ஒவ்வொரு கோட்டிலும் வரைந்தவரின் எண்ணம் இருக்கிறது. புகைப்படமோ எதிரே இருந்த பொருளின் ஒளி விழுந்து உண்டான விளைவு. அதில் நாம் பார்ப்பது அந்தப் பொருளைத்தான், எடுத்தவரின் எண்ணத்தை அல்ல என்றார். 1984-இல் அமெரிக்கரான கெண்டல் வால்டன் இதே இடத்திலிருந்து வேறு முடிவுக்குப் போனார். காலமான உறவினரின் படத்தைப் பார்க்கும்போது உண்மையிலேயே அவரைத்தான் காண்கிறோம், தொலைநோக்கி வழியாகத் தூரத்துப் பொருளைக் காண்பதைப் போல என்பது அவர் வாதம்.

இருவரும் ஃபிலிம் காலத்தில் எழுதியவர்கள். ஆர்50-இல் உள்ள அட்வான்ஸ்டு ஏ-பிளஸ் என்ற முறை, இருட்டான இடங்களிலும் வெளிச்சம் ஏற்றத்தாழ்வாக இருக்கும் இடங்களிலும் ஒரே அழுத்தலில் பல படங்களை எடுத்து, அவற்றைச் சேர்த்து ஒன்றாக்கித் தரும். கிடைக்கும் படம் எந்தக் கணத்துக்குரியது? வால்டன் சொன்ன நேர்ப் பார்வை இங்கே சற்றுத் தளர்ந்துவிடுகிறது. ஸ்க்ரூட்டன் இல்லை என்று சொன்ன எண்ணமும் உள்ளே நுழைந்துவிடுகிறது. ஆனால் அது எடுத்தவரின் எண்ணம் அல்ல. கேமராவை வடிவமைத்த பொறியாளர்களின் எண்ணம். பிராகில் பிறந்து பிரேசிலில் வாழ்ந்த விலெம் ஃப்ளூசர் 1983-இல் எழுதிய புகைப்படத் தத்துவ நூலில் இதைத்தான் எச்சரித்தார். கருவிக்குள் ஒரு நிரல் இருக்கிறது, தன் விருப்பப்படி எடுப்பதாக நினைப்பவர் அந்த நிரலின் சாத்தியங்களைத்தான் நிறைவேற்றிக்கொண்டிருக்கிறார் என்றார்.

தமிழ்ச் சிந்தனையில் இந்தக் கேள்வி கேமராவுக்கு வெகுகாலம் முன்பே கேட்கப்பட்டது. திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்டார் 13-ஆம் நூற்றாண்டில் எழுதிய சிவஞானபோதத்தின் பதினோராம் சூத்திரம் கண்ணை எடுத்துக்கொண்டு பேசுகிறது. கண் தானாக எதையும் காண்பதில்லை. உயிர் உடன் நின்று காட்டினால்தான், தானும் சேர்ந்து கண்டால்தான், கண்ணுக்குக் காட்சி. அதேபோல உயிருக்கு இறைவன் காட்டுகிறான், உடன் நின்று காணவும் செய்கிறான். காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என்று சைவ சித்தாந்திகள் இதை இரண்டாகப் பிரித்துச் சொல்வார்கள்.

இந்தப் பிரிவினை கேமராவுக்கு அப்படியே பொருந்துகிறது. ஆர்50 காட்டும், தாராளமாகக் காட்டும். பழைய எஸ்.எல்.ஆர். கேமராவில் கண்ணாடி ஒளியை அப்படியே கண்ணுக்குத் திருப்பிவிட்டது. படம் எப்படி வரும் என்பது எடுத்த பிறகே தெரியும். கண்ணாடி இல்லாத இந்தக் கேமராவில் சென்சார் வாங்கிய ஒளி, கணக்கிடப்பட்டு, வியூஃபைண்டரின் சின்னத் திரையில் தெரிகிறது. வெளிச்சத்தைக் கூட்டினால் கூடுவது உடனே தெரியும். புதிதாகக் கற்பவருக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. ஆனால் காட்டுவதோடு அதன் வேலை முடிந்தது. கண்டுபிடித்தது ஒரு கண் என்பது மட்டுமே அதற்குத் தெரியும். அது யாருடைய கண், அவர் ஏன் கலங்கியிருக்கிறார் என்பதெல்லாம் உடன் நின்று காண்பவருக்கு உரியவை.

அப்படியானால் கருவியை நம்புவதில் ஆபத்து எங்கே? அதற்கும் சித்தாந்தத்தில் விடை இருக்கிறது. உயிர் எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாகிவிடும். பளிங்கு தன் அருகில் வைத்த பூவின் நிறத்தைக் காட்டுவதைப் போல. கருவி உதவுவதில் தவறில்லை. எல்லா முடிவையும் அதனிடம் விட்டுப் பழகியவர், எதிரே என்ன இருக்கிறது என்று பார்க்கும் பழக்கத்தையே விட்டுவிடுவார். அமெரிக்காவின் ஃபேர்ஃபீல்ட் பல்கலைக்கழகத்து உளவியலாளர் லிண்டா ஹெங்கல் 2014-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே பொருத்தமானது. அருங்காட்சியகத்தில் பொருள்களை முழுசாகப் படமெடுத்தவர்களுக்கு, வெறுமனே பார்த்த பொருள்களைவிடப் படமெடுத்த பொருள்கள் குறைவாகவே நினைவில் நின்றன. ஆனால் பொருளின் ஒரு பகுதியை ஜூம் செய்து எடுத்தபோது நினைவு குறையவில்லை. எந்தப் பகுதி வேண்டும் என்று தேர்ந்தெடுத்த அந்தச் சிறு உழைப்பு பார்வையைக் காப்பாற்றியிருக்கிறது.

இந்த வெளிச்சத்தில் பார்த்தால் ஆர்50-இன் குறைகள் வேறு மாதிரித் தெரிகின்றன. கை நடுக்கத்தைச் சமன் செய்யும் வசதி அதன் உடலுக்குள் இல்லை, கூட வரும் லென்ஸில்தான் இருக்கிறது. அந்த 18-45 மி.மீ. லென்ஸ், முழு ஜூமில் தன் துளையை எஃப் 6.3-க்கு மேல் திறக்காது, உள்ளே வரும் ஒளி குறைவு. விளக்கு வெளிச்சத்தில் ஓடும் குழந்தையை எடுத்தால் ஒன்று கலங்கும், அல்லது ஐ.எஸ்.ஓ. என்ற ஒளி உணர்திறன் அளவு ஏறிப் படம் புள்ளி புள்ளியாக வரும். பணம் கொடுத்து வாங்கியவருக்கு இது உண்மையான நஷ்டம், மறைக்கத் தேவையில்லை. ஆனால் ஆட்டோ கைவிடும் அந்த இடத்தில்தான் எடுப்பவர் முதன்முறையாகக் கேட்கப்படுகிறார்: சன்னலோரம் போகலாமா, குழந்தை நிற்கும் நொடிக்குக் காத்திருக்கலாமா, அசைவு தெரிந்தாலும் பரவாயில்லையா? உண்மையிலேயே இடைஞ்சலான குறை, அளவுகளை மாற்ற ஒரே ஒரு டயல் இருப்பது. பொறுப்பைக் கையில் எடுக்க விரும்புபவரின் வேகத்தை அது தடுக்கிறது. அப்படி விரும்புபவர் முதலில் கண்ணைத் தேடும் வசதியை அணைத்துவிட்டு, போகஸ் புள்ளியைத் தொடுதிரையில் தானே வைத்துப் பழகலாம்.

இன்னொன்றும் உண்டு. இந்தக் கேமராவால் சத்தமே இல்லாமல் படமெடுக்க முடியும். மணமேடையில் சிரிப்பவரின் கண்ணையும் மருத்துவமனை வாசலில் அழுபவரின் கண்ணையும் அது ஒரே மாதிரித்தான் தேடிப் பிடிக்கும். இரண்டாமவர் படமெடுக்கப்பட விரும்புகிறாரா என்று அருகில் போய்க் கேட்க வேண்டியவர் எடுப்பவர். வேண்டாம் என்று அவர் தலையசைத்தால் கேமராவைப் பையில் வைக்க வேண்டியவரும் எடுப்பவரே.