காட்சியும் கருதலும்

கண்ணாற் கண்டதொன்றையே மெய்யெனத் துணிந்தொழுகல் அறிவுடைமையாமா என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

வேல்ஸ் நாட்டின் தென்பால், கிளமார்கன் கடற்கரையில், நாஷ் முனை என்னுமிடத்துள்ள செங்குத்துப் பாறைகள் சுண்ணாம்புக்கல்லும் மென்களிக்கல்லும் மாறிமாறி அடுக்கப்பெற்றனவாம். அலையும் மழையும் மென்கல்லை முன்னர் அரிக்கும். வன்கல் தாங்குவதின்றி முன்னே நீண்டு நிற்கும். பின்னர் ஒருநாட் பிளந்து வீழும். 2012-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற, 870 மைல் நீளமுடைய வேல்ஸ் கடற்கரை நடைவழி அம்முகட்டின்மீதே செல்கின்றது.

அதன்கண் நடப்பான் காண்பது பசும்புல்லும் திண்ணிய நிலமுமேயாம். அடியிலுள்ள வெறுமையைக் காட்சி அறிவியாது. கீழே சிதறிக் கிடக்கும் கற்களைக் கொண்டு மேலதன் நிலையை உய்த்துணர்வது கருதல். விளிம்பை அணுகற்க என நிலமறிந்தார் நாட்டிய பலகை உரை. இம்மூன்றனுள் காட்சியொன்றையே பற்றி விளிம்பிற் சென்று வீழ்ந்தானை, அறியாமையால் வீழ்ந்தான் என்றல் பொருந்தாது. அறியும் வாயில்கள் திறந்திருக்கவும் தானே அவற்றை அடைத்தானாகலின், குற்றம் அவனதே என்க.

அற்றேல், அவ்வழிச் செல்லாதொழிதலே நன்றெனின், அன்று. கரை தேயுந்தோறும் வழியை உள்ளொதுக்கி அமைத்து நடக்கின்றார் அந்நாட்டார். அஞ்சி வழியை விடுதலும், அஞ்சாது விளிம்பிற் சேறலும் ஒழித்து, விலகி நடத்தலே அறிவாம்.