கடலுக்குள் நடந்ததைக் கரை அறியவில்லை

அய்யா துணை



நம் தூத்துக்குடிக் கரையில் கை முடங்கும் மாதங்கள் எல்லோருக்கும் தெரியும். வடகிழக்குப் பருவமழை இறங்கினால் உப்பளத்தில் வேலை நின்றுவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. கடல் கலங்கினால் சங்கு குளிக்கப் போகிறவரும் வீட்டில்தான் இருக்க வேண்டும். இவை சொல்லிவிட்டு வரும் கஷ்டங்கள். சொல்லாமல் வருகிறவை வேறு. நோய் வரும், கடன் வரும், வீட்டில் ஒரு சாவு வரும். அப்படிப்பட்ட நாளில் நிழல் தாங்கலுக்கு வருகிறவர்கள், பணிவிடை செய்யும் எங்களிடம் கேட்பது ஒரே கேள்விதான். "அய்யா பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார் என்றால், என் கண்ணுக்கு ஏன் ஒன்றுமே தெரியவில்லை?"

இதற்கு விடை தேடித் தூரம் போக வேண்டாம். நம் திருச்செந்தூர்க் கடற்கரையிலேயே இருக்கிறது.

1833-ஆம் ஆண்டு, கொல்லம் 1008, மாசி மாதம். நோயில் கிடந்த முத்துக்குட்டிக்கு அப்போது வயது 24. கனவில் கிடைத்த சொல்லை நம்பி, தாய் வெயிலாள் அம்மையும் சொந்தக்காரர்களும் அவரைத் தொட்டிலில் சுமந்து திருச்செந்தூருக்குக் கொண்டு வந்தார்கள். மகன் பிழைத்தால் போதும் என்பதுதான் அந்தத் தாயின் வேண்டுதல். நடந்ததோ வேறு. மகன் எழுந்து கடலுக்குள் போனார், திரும்பவில்லை. ஒரு நாள் போயிற்று, அடுத்த நாளும் போயிற்று.

அந்த நாட்களில் வெயிலாள் அம்மையின் மனதை எண்ணிப் பாருங்கள். கரையில் நின்று பார்த்தவர் கண்ணுக்கு அது பறிகொடுத்த பிள்ளை. கடலுக்குள் நடந்ததை அகிலத்திரட்டு அம்மானை நமக்குச் சொல்கிறது. நாராயணர் தம் மகனாக வைகுண்டரை அங்கேதான் பிறவி செய்தார். தாய் அழுத அதே நேரத்தில்தான் அவதாரம் நடந்தது. மூன்றாம் நாள், மாசி 20, அய்யா கரையேறினார்.

அதோடு நாம் நிறுத்திவிடக் கூடாது. ஓடிப்போய்க் கட்டியணைக்க வந்த தாயிடம் அய்யா, இனி நான் நாராயணர் பிள்ளை என்று உணர்த்தினார். அம்மை கேட்டது ஒரு மகனின் உயிர். கிடைத்ததோ ஊருக்கெல்லாம் ஒரு தகப்பன். கேட்டது கேட்டபடி வரவில்லை என்பதற்காக, அவருடைய வேண்டுதல் கடலில் போயிற்று என்று சொல்ல முடியுமா?

இது பழைய கதை என்று நினைப்பவர்கள் 2023 டிசம்பர் 17-ஐ நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அன்று இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ், ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நிறுத்தப்பட்டது. சுமார் 800 பேர் உள்ளே. வண்டி எப்போது கிளம்பும் என்ற தவிப்பு அவர்களுக்கு. காரணம் முன்னால் இருட்டில் இருந்தது. தண்டவாளத்துக்குக் கீழே இருந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது. வண்டி போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவர்கள் தடை என்று நினைத்ததே அவர்களுக்குக் காவல்.

சுற்றிலும் வெள்ளம், வெளியே வர வழியில்லை. பக்கத்துப் புதுக்குடி மக்கள், தாங்களும் அதே மழையில் தவித்தவர்கள், வீட்டிலிருந்த அரிசியைக் கொண்டு வந்து கோயிலில் உலை வைத்து அவர்களுக்குச் சோறு போட்டார்கள். 19-ஆம் தேதிதான் பயணிகள் முழுவதுமாக மீட்கப்பட்டார்கள்.

இங்கே ஒருவர் எழுந்து கேட்கலாம்: "அந்த வெள்ளத்தில் செத்தவர்களும் உண்டே. வீடு போனவர்கள், ஆடு மாடு போனவர்கள், உப்பு கரைந்து நடுத்தெருவில் நின்றவர்கள் உண்டே. அவர்களை அய்யா மறந்தாரா?" நியாயமான கேள்வி. பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் போய் "எல்லாம் நன்மைக்கே" என்று சொல்லாதீர்கள். அது பக்தி ஆகாது. அய்யா ஒருநாளும் துன்பத்தை நல்லது என்று சொன்னதில்லை. வரியாலும் ஊழியத்தாலும் நசுக்கப்பட்ட மக்களைப் பார்த்து "உங்கள் விதி" என்று சொல்லாமல், அதைச் செய்தது கலி என்றார். பொறுமையைக் கற்பித்தார், அதோடு தலைப்பாகை கட்டச் சொன்னார். எல்லோரும் ஒரே கிணற்றில் நீர் எடுக்க முத்திரிக் கிணறு தந்தார். ஒன்றாக உட்கார்ந்து உண்ண வைத்தார். தாமே சிங்காரத்தோப்புச் சிறையில் மூன்று மாதங்களுக்கு மேல் இருந்தார். துன்பத்துக்கு வெளியே நின்று பேசியவரல்ல அவர்.

அப்படியானால் நம்பிக்கை என்பது என்ன? இந்தக் கடலில் முத்துக் குளித்தவர்களைக் கேட்டால் சொல்லியிருப்பார்கள். காலில் கல்லைக் கோத்து அடி ஆழத்துக்கு இறங்குவார்கள். கயிற்றைப் படகில் ஒருவர் பிடித்திருப்பார். கீழே இருப்பவருக்கு அவர் முகம் தெரியாது. கயிற்றை அசைத்தால் தூக்குவார் என்பது மட்டும் தெரியும். அந்த நம்பிக்கையில் அவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதில்லை. மூச்சு இருக்கும் வரை சிப்பி பொறுக்குவார். மூச்சு முட்டினால் கயிற்றை அசைப்பார்.

நாமும் அப்படித்தான் இருக்க வேண்டும். கஷ்டம் வந்ததும் கந்துவட்டிக்காரன் வாசலுக்கும் மந்திரவாதி வாசலுக்கும் ஓடுவது, பிடித்த கயிற்றை நாமே அறுப்பது போல. மந்திரவாதமும் உயிர்ப்பலியும் வேண்டாம் என்று அய்யா தடுத்திருக்கிறார். நெற்றியில் நாமமிட்டு, அன்றைக்கு உள்ள வேலையைச் செய்யுங்கள். தாங்க முடியாதபோது வாய் திறந்து சொல்லுங்கள். தாங்கலில் கூடியிருப்பவர்கள் உங்கள் சொந்தங்கள்.

இந்த மாதம் கஷ்டம் இல்லாதவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. ஸ்ரீவைகுண்டத்தில் மாட்டிக்கொண்டவர்களுக்கு அய்யாவின் காவல் புதுக்குடிக்காரர் கைச் சோறாகத்தான் வந்தது. உங்கள் தெருவில் அடுப்பு எரியாத வீடு எது என்று உங்களுக்குத் தெரியும். ஒரு படி அரிசியாவது கொண்டு போய்க் கொடுங்கள். யார் கொடுத்தது என்று ஊருக்குத் தெரிய வேண்டாம். அந்த வீட்டில் கேட்டால், அய்யா கொடுத்தார் என்று சொல்லுங்கள். அது பொய்யல்ல.

அய்யா உண்டு.