பழைய வரைபடமும் நம் கடமையும்

ஒரு பொருள் பழசாகிவிட்டது. அதைவிடத் தெளிவாக விஷயத்தைச் சொல்லும் புதுப் பொருளும் வந்துவிட்டது. ஆனால் ஊர் மக்களுக்கு அந்தப் பழசு மேல்தான் பாசம். தூக்கிப் போட்டுடலாமா? பழுது பார்த்து வைத்துக்கொள்ளணுமா? பழுது பார்த்தால் எதுவரை மாற்றலாம்? இது அருங்காட்சியகக்காரர்களின் கேள்வி மட்டுமல்ல. கோயில் திருப்பணி செய்கிற நம் எல்லாருக்கும் வருகிற கேள்விதான்.

அமெரிக்காவில் நடந்ததைச் சொல்கிறேன். பென்சில்வேனியா மாநிலத்தில் கெட்டிஸ்பர்க் என்று ஒரு சிறு ஊர். அடிமை முறையைக் காப்பாற்றப் பிரிந்துபோன தென் மாநிலங்களின் படையும் வட மாநிலப் படையும் 1863 ஜூலை 1 முதல் 3 வரை அங்கே மோதின. இறந்தவர், காயம்பட்டவர், பிடிபட்டவர், காணாமல் போனவர் எல்லாரையும் சேர்த்தால் சுமார் 51,000 பேர்.

அந்தப் போரை விளக்க ஜோசப் ரோசென்ஸ்டீல் என்பவர் 1963இல் ஒரு மின்சார வரைபடம் செய்தார். நீளம் 29 அடி, அகலம் 29 அடி, எடை சுமார் 12 டன். மேடு பள்ளங்களை எல்லாம் பூச்சால் வடித்து, 600க்கும் மேற்பட்ட சின்ன பல்புகளைப் பொருத்தியிருந்தார். மக்கள் சுற்றி உட்கார்ந்ததும் அறை இருட்டாகும். பதிவு செய்த குரல் கதை சொல்லச் சொல்ல, எந்தப் படை எங்கே நின்றது, எந்தப் பக்கம் நகர்ந்தது என்று விளக்குகள் எரிந்து காட்டும். சின்ன வயதில் அதைப் பார்த்தவர்கள், பிறகு தங்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

2008இல் தேசியப் பூங்காத் துறை புதிய மையத்தைத் திறந்தபோது, இந்த வரைபடத்துக்கு அங்கே இடமில்லை என்று ஆகிவிட்டது. தொழில்நுட்பம் பழையது, பூச்சில் ஆஸ்பெஸ்டாஸ் வேறு. நான்கு துண்டாக வெட்டிப் பெட்டகத்தில் வைத்துவிட்டார்கள். பலர் வருத்தப்பட்டு, அதைக் காப்பாற்றச் சொல்லிக் குரல் கொடுத்தார்கள். கடைசியில் 2012இல் ஏலத்துக்கு வந்தது. பக்கத்து ஊரான ஹானோவரின் வணிகர் ஸ்காட் ரோலண்ட் 14,010 டாலருக்கு வாங்கினார். பழுது பார்க்கப்பட்டு, 2016இல் ஹானோவரில் மறுபடியும் மக்கள் பார்வைக்கு வந்தது.

இதில் யார் பக்கம் நியாயம்? துறையின் பக்கமும் நியாயம் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். அருங்காட்சியகத்தின் முதல் வேலை உண்மையை விளங்க வைப்பது. நம் சின்ன வயது ஞாபகத்தைத் தாலாட்டுவது இல்லை. புதிய மையம், போர் ஏன் வந்தது, அடிமை முறைக்கு அதில் என்ன பங்கு என்பதைப் பேசியது. படை நகர்வைக் காட்டும் விளக்கு, படை ஏன் நகர்ந்தது என்று சொல்லாது.

ஏபிரகாம் பிரையன் என்ற கறுப்பின விவசாயியின் வீடு அந்தப் போர்க்களத்தின் நடுவிலேயே இருந்தது. அவர் யாருக்கும் அடிமை இல்லை, சுதந்திர மனிதர். ஆனாலும் தென் படை நெருங்குவதற்கு முன்பே குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போய்விட்டார். காரணம், அந்தப் படை வழியில் கறுப்பினத்தவரைப் பிடித்துத் தெற்கே அடிமைகளாக அனுப்பிக்கொண்டிருந்தது. படைப்பிரிவுக்கு ஒரு பல்பு என்று கணக்கு வைத்தால், இப்படிப்பட்ட ஒரு குடும்பம் எந்தக் கணக்கில் வரும்?

சரி, அப்படியானால் பழசை வீசிவிட வேண்டியதுதானா? அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. நாற்பத்தைந்து வருஷம் மக்களுக்குப் பாடம் சொன்ன பொருள், தானே ஒரு வரலாறு ஆகிவிடுகிறது. ஒரு தலைமுறை போரை எப்படி நினைவு வைத்தது, எதைக் கவனித்தது, எதை விட்டது என்பதற்கு அதுதான் சாட்சி. சாட்சியை அழித்தால், விட்டுப்போனது எது என்பதும் சேர்ந்தே மறைந்துவிடும்.

பழுது பார்க்கும்போது எதுவரை மாற்றலாம் என்பது அடுத்த கேள்வி. பொறியியல் படிக்கிற எங்களுக்கு இந்த ஆசை சீக்கிரம் வரும்: வயரை மாற்று, பல்பைக் கழற்றி எல்இடி போடு, திரை ஒன்று வை! வயரை மாற்றுவது தப்பில்லை, தீப்பிடிக்கக் கூடாது. ஆனால் மாற்றியதை மாற்றியது என்று சொல்ல வேண்டும். இதற்கு நம்மிடமே நல்ல முன்மாதிரி உண்டு. பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவியார் சோழ நாட்டுச் செங்கல் கோயில்கள் பலவற்றைக் கற்றளியாகக் கட்டினார். திருக்கோடிக்காவலில் அப்படிக் கட்டியபோது, பழைய கற்களில் இருந்த கல்வெட்டுகளைப் புதுச் சுவரில் படியெடுத்து வெட்ட வைத்தார். இது பழைய கல்லைப் பார்த்து எடுத்த படி என்ற குறிப்பும் அங்கே இருக்கிறது. முன்பு விளக்குக்கும் பூஜைக்கும் கொடுத்தவர்களின் பெயர் காணாமல் போகவில்லை. புதுக் கல், பழைய சொல், நடுவில் ஒளிவுமறைவு இல்லை. திருப்பணியின் தர்மம் இதுதான் என்று எனக்குப் படுகிறது.

ஆனால் முதலிலிருந்தே எழுதப்படாத பெயர்களை எதிலிருந்து படியெடுப்பது? இங்கேதான் விஷயம் நம்ம ஊருக்கு வருகிறது. கம்போங் ராஜாவிலிருந்து மலைப்பாதையில் சிம்பாங் பூலாய்க்கு இறங்கி, தெற்கே போனால் கம்பார். 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை பிரிட்டிஷ், இந்தியப் படைகள் அங்கே ஜப்பானியரைத் தடுத்து நின்றன. அந்தச் சண்டைக்கு வரைபடம் செய்தால், எந்தக் குன்றில் எந்தப் படை என்று விளக்குப் போடலாம். ஏனென்றால் படைகளுக்குப் பதிவேடு இருந்தது.

அதன் பிறகு வந்த ஜப்பான்காரன் காலத்தில், மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். 1942–43இல் போட்ட அந்த 415 கிலோமீட்டர் பாதையில் 12,000க்கும் மேற்பட்ட நேச நாட்டுப் போர்க் கைதிகள் இறந்தார்கள். காஞ்சனபுரி மயானத்தில் அவர்களில் ஆயிரக்கணக்கானோருக்குத் தனித்தனியாகக் கல் இருக்கிறது. இறந்த ஆசியத் தொழிலாளர்களோ சுமார் 90,000 பேர் என்று மதிப்பிடுகிறார்கள். அவர்களுக்கு அப்படி வரிசையாகக் கல் இல்லை. கணக்கே மதிப்பீடுதான். 2023இல்தான் காஞ்சனபுரியில் ஒரு புத்தர் கோயில் வளாகத்தில் தமிழ்த் தொழிலாளர்களுக்கு நடுகல் வைத்தார்கள். போரில் விழுந்தவருக்குக் கல் நட்டுப் பெயர் பொறித்த மரபு நம்முடையது. அந்தக் கல்லுக்கே எண்பது வருஷம் ஆகிவிட்டது.

ஆகவே என் பதில் இது: மக்கள் நேசிக்கும் பழைய வரைபடத்தை மீட்பது சரிதான், நேர்மையாக மீட்கும்வரை. அதன் கதையைத் திருத்தி, முதலிலிருந்தே எல்லாரையும் நினைத்திருந்தது மாதிரி காட்ட வேண்டாம். அது அப்படியே இருக்கட்டும். விட்டுப்போனவர்களைப் பக்கத்தில் தனியாக, இன்றைய தேதியோடு எழுதி வைப்போம். பழசை மட்டும் போற்றினால் பிரையன் மாதிரி ஆட்களுக்கு அநியாயம். புதுசு மட்டும் போதும் என்றால், நமக்கு முன்னால் உழைத்தவர்களுக்கு நன்றி கெட்டவர்கள் ஆவோம்.

இளைஞர்கள் நாம் செய்யக்கூடிய வேலையும் இருக்கிறது. தோட்டத்துக் கோயிலில் அடுத்த திருப்பணி தொடங்கும் முன், பழைய நன்கொடைப் பலகைகளைப் படம் எடுத்து, பெயர்களை ஒன்று விடாமல் எழுதி வைப்போம். லயத்து வீடுகளில் இருக்கும் பெரியவங்களிடம் போய், உங்க வீட்டிலிருந்து யாராவது சயாமுக்குப் போனாங்களா, திரும்பி வந்தாங்களா என்று கேட்போம். பெயர், தோட்டம், சொன்னவர் யார், சொன்ன தேதி: ஒரு நோட்டுப் புத்தகம் போதும். அந்தக் காலத்தைக் கண்ணால் பார்த்தவங்க இன்று தொண்ணூறைத் தொட்டிருப்பாங்க. வருகிற ஞாயிற்றுக்கிழமையே ஆரம்பிக்கலாம்.